மாலையில் தளரும் தசைகள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவர், இசை பாடுவர். நோயைப் பற்றிப் பேசுவார் அரியர். செயலாளர் எம்மிடம் வந்தபோது திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் பற்றிப் பேசுமாறுதான் கேட்டார். யாமே இப்பொருளை வேண்டிப் பெற்றோம். அதற்குக் காரணம் உண்டு. இக்குடியிருப்பின் கடைத்தெருவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு சிறு மருத்துவ அறை நடத்திய எமக்கு, இந்த மேடை ஒருமுறை ஆசிரியனாக நின்று பாடம் கற்பித்தது. அந்தப் பாடத்தை இங்கேயே ஒப்புவிப்பதுதான் முறை என்று எண்ணினோம்.

நம் ஞாயிறு தமிழ் வகுப்பில் பாடம் சொல்லும் அம்மையார் ஒருவரைப் பற்றிய செய்தி இது. பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆயினும் உங்களுள் பலர் அவரை அறிவீர்கள். தம் கதையை மேடையில் சொல்லுமாறு எம்மைத் தூண்டியவரும் அவரே.

2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் எம்மிடம் வந்தார். அப்போது வயது 32. கணவர் ஆலையில் பணி; வீட்டில் மாமியார், இரு பெண் குழந்தைகள். மாலை வேளையில் எழுத்துகள் இரண்டிரண்டாய்த் தெரிகின்றன என்றார். கண்ணாடிக் கடையில் புதுக் கண்ணாடி வாங்கியும் பயனில்லை. குழந்தைக்குத் தலை பின்னும்போது பாதிப் பின்னலிலேயே கைகள் துவண்டு கீழே இறங்கிவிடுகின்றன. துணி உலர்த்தக் கொடிக்குக் கை தூக்க இயலவில்லை. உணவின் தொடக்கத்தில் மென்றுவிடும் வாய், முடிவில் தாடையைக் கையால் தாங்கிக்கொள்ளும் நிலைக்கு வருகிறது. சற்றுப் படுத்து எழுந்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. இவ்வளவையும் அவர் ஒழுங்காகவே சொன்னார். ஒரு மருத்துவ மாணவன் தேர்வுத் தாளில் எழுதக்கூடிய அளவுக்கு ஒழுங்காகச் சொன்னார்.

யாம் என்ன செய்தோம்? கண்களைப் பார்த்தோம்; நன்றாக இருந்தன. கையை மடக்கச் சொல்லி இழுத்துப் பார்த்தோம்; வலிமை இருந்தது. குருதியில் சிவப்பணு சற்றுக் குறைவு. தைராய்டு சுரப்பியில் குறையில்லை. இரும்புச் சத்து மருந்து எழுதிக் கொடுத்து, “உடம்பில் நோய் ஒன்றும் இல்லை, மனக் கவலையை விடுங்கள்” என்று அனுப்பினோம். அடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். மூன்று முறையும் காலை 9 மணிக்கு, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்தார். மூன்று முறையும் யாம் கண்டது காலைப் பொழுதின் அம்மையாரை மட்டுமே.

எம் சொல் அவ்வீட்டில் என்ன ஆயிற்று என்பதைப் பின்னரே அறிந்தோம். “காலையில் நன்றாகத்தான் இருக்கிறாள், மாலையில் அடுப்படிக்குப் போகும் வேளையில்தான் அவளுக்குக் கை தளர்கிறது, வைத்தியரே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்” என்று மாமியார் அண்டை வீட்டாரிடம் குறைப்பட்டிருக்கிறார். அம்மூதாட்டி கொடியவர் அல்லர். கண்டதைச் சொன்னார், கற்றவன் சொன்னதை நம்பினார். அந்த வீட்டில் ஒரு பெண்ணைச் சோம்பேறி என்று சொல்லும் உரிமைச் சீட்டை எழுதிக் கொடுத்தவர் யாமே.

அவ்வாண்டு விழா மாலையில், சங்கத்துப் பெண்கள் பத்துப் பேர் இம்மேடையில் சேர்ந்து பாடினர். யாம் முன்வரிசையில் அமர்ந்திருந்தோம். முதற் பாட்டில் அம்மையாரின் குரல் தெளிவாக இருந்தது. இரண்டாம் பாட்டில் அது மூக்கால் வருவதுபோல் மாறிற்று. மூன்றாம் பாட்டில் உதடுகள் அசைந்தன, ஒலி எழவில்லை. இடக் கண்ணின் இமை பாதி விழியை மூடித் தொங்கிற்று. அவர் புன்னகை செய்ய முயன்றபோது, கடைவாய் மேலே செல்லாமல், சினந்து பல்லைக் காட்டுவார்போல் ஒரு தோற்றம் உண்டாயிற்று. எமக்கு உள்ளம் நடுங்கியது.

பாட்டு முடிந்ததும் ஒப்பனை அறைக்குச் சென்று, மேலே சுழலும் மின்விசிறியை இமைக்காமல் பாருங்கள் என்றோம். ஒரு நிமிடத்துக்குள் இரு இமைகளும் திரைபோல் இறங்கின. விருந்தினர்க்குப் பானகம் கலக்கப் பனிக்கட்டி வந்திருந்தது. ஒரு துண்டைக் கைக்குட்டையில் சுற்றி மூடிய இமையின் மேல் இரண்டு நிமிடம் வைத்தெடுத்தோம். இமை மேலே எழுந்தது. குளிர்ச்சியில் இமை எழுதல் இந்நோய்க்குரிய அடையாளங்களுள் ஒன்று. (இதை வீட்டில் செய்து பார்த்து முடிவு கட்டிவிட வேண்டா, ஐயத்தை வலுப்படுத்துமேயன்றி, நோயை நாட்டுவதற்கு இது போதாது.)

இந்நோயின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். கிரேக்கமும் இலத்தீனும் கலந்து செய்த பெயர். தசைகளின் கடுந்தளர்ச்சி என்பது பொருள். 1895-இல் பெர்லின் நகரத்து யோலி என்னும் அறிஞர் இப்பெயரைச் சூட்டியபோது, பொய்யான வாதம் என்று பொருள்படும் ஒரு சொல்லையும் ஈற்றில் சேர்த்திருந்தார். வாதம்போல் தோன்றினும், இறந்தோர் உடலை அறுத்துப் பார்த்தால் மூளையிலோ நரம்பிலோ சிதைவு காணப்படாமையே அதற்குக் காரணம். அச்சொல் பிற்காலத்தில் உதிர்ந்துவிட்டது. ஆயினும் நோயுற்றாரைப் பார்த்துப் பொய் என்று சொல்லும் வழக்கம் மட்டும் இன்னும் உதிரவில்லை. இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1672-இல், இங்கிலாந்தின் தாமசு வில்லிசு என்னும் மருத்துவர், நெடுநேரம் பேசினால் பேச்சே எழாமற்போய் ஓரிரு மணி நேரம் கழித்துக் குரல் திரும்பப் பெற்ற ஒரு பெண்மணியைப் பற்றி எழுதிவைத்தார். அவர் அப்பெண்மணியை ஐயுறவில்லை. கண்டதைக் கண்டவாறே எழுதினார். எம்மைக் காட்டிலும் நல்ல மருத்துவர்.

காலையில் உள்ள வலிமை மாலையில் எங்கே போகிறது? இங்குச் சிறிது நின்று விளக்க வேண்டும். ஏனெனில் இதை விளங்கிக்கொண்டவர் எவரும் இந்நோயரைச் சோம்பேறி என்று சொல்லமாட்டார்.

நம் குடியிருப்பில் ஆலைச் சங்கு ஊதாத நாள் இல்லை. சங்கு ஊதினால் எந்திரம் தானே ஓடிவிடுமா? ஓடாது. சங்கொலி கேட்டுத் தொழிலாளர் வாயிலுக்கு வர வேண்டும். போதிய பேர் உள்ளே புக வேண்டும். அப்போதே எந்திரம் சுழலும். நம் உடலிலும் அவ்வாறே. மூளையின் கட்டளை நரம்பின் வழியே மின்னோட்டமாக வருகிறது. ஆயினும் நரம்பின் முனை தசையைத் தொடுவதில்லை. இடையே நுண்ணிய இடைவெளி ஒன்றுண்டு. கட்டளை வந்ததும் நரம்பு முனையிலிருந்து அசெட்டில்கோலின் என்னும் வேதிப்பொருள் வெளிப்பட்டு, இடைவெளியைக் கடந்து, தசையின் மேலுள்ள ஏற்பிகள் என்னும் வாயில்களை அடைகிறது. போதிய வாயில்கள் திறந்தால் தசை சுருங்கும். வந்தவர்களை உடனுக்குடன் அப்புறப்படுத்த அங்கே ஒரு நொதியும் காத்திருக்கிறது. அடுத்த கட்டளைக்கு இடம் வேண்டுமன்றோ?

இங்கு ஒரு நுட்பம் உண்டு. சங்கு அடுத்தடுத்து ஊதினால், முதல் ஊதலுக்கு வந்த கூட்டம் அடுத்ததற்கு வாராது, சற்றுக் குறையும். இது நலமுள்ள உடலிலும் நிகழ்வதே. ஆனால் நமக்கு வாயில்கள் தேவைக்கு மேல் மிகப் பல. கூட்டம் குறைந்தாலும் எந்திரம் ஓடப் போதிய பேர் புகுந்துவிடுவர். ஆகையால் நாம் அக்குறைவை உணர்வதில்லை. வாயில்களுள் பெரும்பாலானவை அடைபட்டுப் போனால் என்னாகும்? முதல் ஊதலுக்கு வரும் பெருங்கூட்டத்தால் எந்திரம் ஒருவாறு ஓடும். பத்தாவது ஊதலில் திணறும், இருபதாவதில் நின்றுவிடும். சற்று நேரம் சங்கை நிறுத்தி வைத்தால் மீண்டும் கூட்டம் சேரும். மீண்டும் எந்திரம் ஓடும்.

அம்மையாரின் தலைப்பின்னலும் மூன்றாம் பாட்டும் இதுவே. ஓய்வில் திரும்புவதும் உழைப்பில் மறைவதும் இந்நோயின் இயல்பு. எந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டி நடிப்பு என்றார்களோ, அந்த ஏற்ற இறக்கமே நோயின் முகவரி. கண்ணை இயக்கும் தசைகள் விழித்திருக்கும் நேரமெல்லாம் உழைப்பவை, கையிருப்புக் குறைந்தவை. ஆதலின் பாதிக்கு மேற்பட்டோர்க்கு நோய் கண்ணிலேதான் தொடங்குகிறது. சிலர்க்குக் கண்ணோடு நின்றுவிடும். பலர்க்கு முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் முகம், தொண்டை, கழுத்து, கை கால் என்று பரவும். தோலின் உணர்ச்சி கெடுவதில்லை, அறிவு மங்குவதில்லை, இதயத் துடிப்பு தளர்வதில்லை. வெப்பம் இதனை மிகுவிக்கும். மே மாதத்தில் நம் ஊரில் லூ என்னும் அனற்காற்று வீசும்போது, இந்நோயர் படும் பாடு பெரிது.

இவ்விடத்தில் எம் அறியாமையின் மற்றொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். மழைக்காலத்தில் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பாம்பு கடித்தவர்களைத் தூக்கி வருவார்கள். கட்டுவிரியனோ நல்லபாம்போ கடித்தவர்க்கு முதலில் இமை தொங்கும், பிறகு பேச்சுக் குழறும், விழுங்க முடியாது, இறுதியில் மூச்சு நிற்கும். எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். நல்லபாம்பின் நஞ்சு இதே ஏற்பிகளைத்தான் அடைக்கிறது. நஞ்சு முறிக்கும் மருந்தோடு நியோஸ்டிக்மின் என்னும் ஊசியும் போட்டு இமை எழுவதைக் கண்டிருக்கிறோம். பாம்பின் நஞ்சில் கண்டதை ஒரு குடும்பப் பெண்ணின் முகத்தில் காணத் தவறினோம். பாம்பு கடித்தவர் நள்ளிரவிலும் வருகிறார். குடும்பப் பெண் வேலையெல்லாம் முடித்துக் காலையில்தான் வருகிறார்.

நஞ்சுக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவைக் கண்டு மருந்தாக்கியவர் மேரி வாக்கர் என்னும் பெண் மருத்துவர். இலண்டனைச் சார்ந்த கிரீனிச்சில், ஏழைகளுக்கென ஏற்பட்ட புனித ஆல்ஃபீஜ் மருத்துவமனையில் அவர் உதவி மருத்துவராக இருந்தார். இந்நோயரின் நிலை, தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவும் குராரி நஞ்சுண்டவரின் நிலையை ஒத்திருக்கிறது என்று நரம்பியல் அறிஞர் ஒருவர் சொல்லக் கேட்டார். குராரிக்கு மாற்று ஃபைசோஸ்டிக்மின் என்பது முன்பே அறியப்பட்ட செய்தி. அதுவும் நஞ்சே, மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார்ப் பகுதியில் குற்றவாளியைக் கண்டறிய ஊட்டும் கொட்டையிலிருந்து எடுப்பது. ஆயின் நோய்க்கும் ஏன் அதே மாற்றைக் கொடுத்துப் பார்க்கக் கூடாது என்று அவர் எண்ணினார். 1934-இல் 56 வயதுப் பெண்மணி ஒருவர்க்கு ஊசி வழியே செலுத்தினார். தொங்கிய இமை எழுந்தது, கைகள் வலுப்பெற்றன, விழுங்க முடிந்தது. சில மணி நேரமே அப்பயன் நின்றது. எனினும் இந்நோய்க்கு ஒரு மருந்து கிடைத்தது. பெரும்பதவி எதுவும் இல்லாத ஒருவர், மருத்துவ இதழுக்கு ஒரு சிறு கடிதமாக அதை எழுதினார். அடுத்த ஆண்டிலேயே நியோஸ்டிக்மினையும் பயன்படுத்திக் காட்டினார். இன்று உலகெங்கும் இந்நோயர் உண்ணும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அந்தக் குடும்பத்து மருந்தே. வாயிலுக்கு வந்தவர்களை அப்புறப்படுத்தும் நொதியைச் சிறிது தடுத்துவைப்பது அதன் வேலை. ஒரு வாயிலில் புக முடியாதவர் மற்றொன்றைத் தட்டிப் பார்க்கக் காலம் கிடைக்கிறது.

வாயில்களை அடைப்பவர் யார்? இதற்கு விடை கிடைக்க மேலும் நாற்பதாண்டுகள் ஆயின. நம் உடலுக்குள் காவற்காரர் உண்டு. நோய்க்கிருமி புகுந்தால் அதனைப் பற்றி அழிக்க எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. அக்காவலர் சில வேளைகளில் வீட்டாரையே திருடர் என்று மயங்கித் தாக்குவர். இதனைத் தன்னெதிர்ப்பு நோய் என்பர். மயஸ்தீனியாவும் அத்தகையதாக இருக்கலாம் என்று 1960-இல் சிம்சன் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவர் எழுதினார். அது அப்போது கருத்தளவே. பிறகு ஆய்வாளர்க்குக் கைகொடுத்தது மீண்டும் ஒரு பாம்பே. தைவான் நாட்டுக் கட்டுவிரியன் ஒன்றின் நஞ்சிலிருந்து பிரித்தெடுத்த பொருள் ஏற்பிகளை விடாமல் பற்றிக்கொள்ளும். அதனைக் கொண்டு ஏற்பிகளை எண்ணிவிடலாம். 1973-இல் அமெரிக்காவில் மூவர் அவ்வாறு எண்ணிப் பார்த்தபோது, நோயரின் தசையில் ஏற்பிகள் மற்றவர்க்கு உள்ளவற்றில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. அம்மூவர் பெயருள் சத்தியமூர்த்தி என்று நம் செவிக்குப் பழகிய பெயர் ஒன்று இருப்பதைக் கண்டு யாம் சிறிது பெருமை கொண்டதுண்டு. அதே ஆண்டில், மின்விலாங்கு மீனிலிருந்து எடுத்த ஏற்பிகளை முயல்களுக்குச் செலுத்தினர் வேறிருவர்; முயல்களின் உடல் அவற்றுக்கு எதிர்ப்பொருள் செய்தது; செய்த எதிர்ப்பொருள் முயலின் சொந்த ஏற்பிகளையே தாக்கிற்று; முயல்கள் தளர்ந்து விழுந்தன. ஐயம் நீங்கியது.

இன்று அந்த எதிர்ப்பொருளைக் குருதியில் சோதித்து அறியலாம். உடல் முழுதும் நோய் பரவியவர்களில் நூற்றுக்கு 85 பேர் அளவில் அது காணப்படும். கண்ணோடு நின்றவர்களில் பாதிப் பேரிடம்தான் காணப்படும். ஆகவே சோதனையில் இல்லை என்று வந்தமையாலேயே நோய் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. 2001-இல் மஸ்க் என்னும் வேறொரு புரதத்துக்கு எதிரான பொருளும் சிலரிடம் உண்டென்று கண்டனர்.

காவலர்க்கு இம்மயக்கம் ஏன் வந்தது என்பதில் நெஞ்செலும்புக்குப் பின்னுள்ள தைமஸ் சுரப்பிக்குப் பெரும் பங்குண்டு. சிறுவயதில் காவலர்க்குப் பயிற்சி தரும் பள்ளி அது. வயது ஏற ஏறச் சுருங்கிவிடும். இந்நோயரில் பலர்க்கு அது சுருங்காமல் பருத்திருக்கும். நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர்க்கு அதில் கட்டியும் இருக்கும். 1936-இல் பிளாலக் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் அத்தகைய கட்டியை ஓர் இளம்பெண்ணுக்கு அகற்ற, நோய் தணிந்தது. கட்டி இல்லாதவர்க்கும் சுரப்பியை அகற்றுதல் நன்றா என்பதில் மருத்துவர்கள் எண்பது ஆண்டுகள் வாதிட்டனர். 2016-இல் வெளிவந்த ஆய்வொன்றில், 126 நோயரை இரு பிரிவாக்கி மூன்றாண்டுகள் பார்த்து, அகற்றியவர்களுக்கு நோயும் மருந்தும் குறைந்தமை காட்டப்பட்டது. எண்பது ஆண்டு வழக்கு ஒரு தீர்ப்பைப் பெற்றது.

இனி அம்மையாரின் கதைக்கு வருவோம். தன்பாத்–ஆலப்புழை விரைவு வண்டியில் ஏறினால் காட்பாடியில் இறங்கலாம். நம் பகுதியிலிருந்து வேலூருக்கு மருத்துவம் தேடிச் செல்வோர் கூட்டத்தை அவ்வண்டியில் என்றும் காணலாம். தமிழரைவிட மற்ற மொழியினரே மிகுதி. அம்மையாரும் கணவரும் அவ்வண்டியில் சென்றனர். குருதிச் சோதனையும், நரம்பை மின்துடிப்பால் மீண்டும் மீண்டும் தூண்டித் தசையின் விடை தளர்வதை அளக்கும் சோதனையும் நோயை உறுதி செய்தன. 2018-இல் சுரப்பி அகற்றப்பட்டது. பைரிடோஸ்டிக்மின், காவலரை அடக்கும் பிரெட்னிசோலோன், பின்னர் அசத்தியோப்ரின் என்று மருந்துகள் தொடர்ந்தன. அறுவை முடிந்த மறுநாளே நலம் வந்துவிடும் என்று எதிர்பார்த்துக் கணவர் ஏமாந்தார். அதன் பயன் மாதங்களிலும் ஆண்டுகளிலும் வருவது. பிரெட்னிசோலோன் தொடக்கத்தில் சில நாள் தளர்ச்சியை மிகுவிக்கவும் கூடும். அது தெரியாமல் மருந்தை நிறுத்தி அல்லற்பட்டோர் உண்டு. அதனைத் திடீரென நிறுத்துதல் வேறு வகையிலும் தீங்கு.

2019-இல் உறவினர் திருமணத்துக்காக அம்மையார் வேறோர் ஊருக்குச் சென்றார். அங்குச் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலும் கண்டன. மருத்துவர் ஒருவர் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை கொடுத்தார். தமக்குள்ள நோயை அம்மையார் அவரிடம் சொல்லவில்லை. திருமண வீட்டில் பெருநோய்ப் பேச்சு வேண்டா என்று உடன்வந்த பெரியவர்கள் தடுத்துவிட்டனர். மூன்றாம் நாள் நீர் மூக்கின் வழியே திரும்பிற்று; தலையை நிமிர்த்த முடியவில்லை; பேச்சு இரண்டிரண்டு சொல்லாய் நின்றது. இரவில் மூச்சுத் தளர்ந்து, 11 நாள் செயற்கை மூச்சுக் கருவியில் இருந்தார். தொற்றும் இந்நோயை முற்றச் செய்யும், அம்மருந்தும் முற்றச் செய்யும். எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தல் எளிதன்று. ஆனால் சொல்லியிருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்பார்; வேளையோடு கண்காணித்திருப்பார். அதில் ஐயமில்லை.

ஆகையால் இந்நோயர் தம் நோயின் பெயரையும் உண்ணும் மருந்துகளையும் எழுதிய அட்டை ஒன்றை எங்கும் உடன்கொண்டு செல்ல வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் இனத்தைச் சேர்ந்தவை, அசித்ரோமைசின், ஜென்டமைசின், ஸ்ட்ரெப்டோமைசின், மலேரியாவுக்குக் கொடுக்கும் குளோரோகுயின், குயினைன், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், பேறுகால வலிப்பைத் தடுக்க ஏற்றும் மெக்னீசியம் ஆகிய இவற்றையெல்லாம் இந்நோயர்க்குக் கொடுக்குமுன் மருத்துவர் ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்ப்பார். பல் பிடுங்கும் இடத்திலும், அறுவைக்கு மயக்க மருந்து தரும் இடத்திலும் தவறாமல் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் தாமே மருந்து வாங்கும் நம்மூர்ப் பழக்கம் இவர்க்கு மிகவும் பொல்லாதது.

மூச்சுத் தளர்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஓர் எளிய வழி உண்டு. மூச்சை நன்கு இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணச் சொல்லுங்கள். நலமாயிருக்கும் நாளில் எவ்வளவு எண்ணுகிறார் என்று குறித்துவையுங்கள். அது நாளுக்கு நாள் இறங்கினாலும், 20 வரை எட்ட இயலாது போனாலும், விடியட்டும் என்று காத்திராமல் செயற்கை மூச்சு வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி 98 என்று காட்டுகிறதே என்று அமைதி கொள்ள வேண்டா. இந்நோயில் அந்த எண் இறங்குவதற்குள் ஆள் சோர்ந்துவிடுவார். அங்கே குருதியிலுள்ள எதிர்ப்பொருளை வடித்து நீக்கியோ, பிறர் குருதியிலிருந்து எடுத்த நோயெதிர்ப்புப் புரதத்தை ஏற்றியோ மீட்பர். முன்னாளில் உயிர் குடித்த நிலையிலிருந்து இன்று பெரும்பாலோர் மீண்டு வருகின்றனர். செலவு மட்டும் நடுத்தரக் குடும்பத்தைக் கலக்குவதாக உள்ளது. ஆலை மருத்துவ வசதி இல்லாதவர் கதியை எண்ண வருத்தமே.

இமை தொங்கினாலெல்லாம் இந்நோய் என்று அஞ்சிவிடாதீர்கள். பத்து இலட்சம் பேரில் இருநூறு பேர்க்குள்தான் இது வரும். மேலும், திடீரென ஒரு பக்கத்து முகமும் கையும் விழுந்தால் அது மூளைக் குருதிக் குழாய் அடைப்பாக இருக்கலாம். அங்கே மாலை வரை பார்க்கலாம் என்று காத்திருத்தல் பெருந்தவறு.

இந்நோய் தொற்றாது. தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும் குலநோயும் அன்று. இதைச் சற்று உரக்கவே சொல்கிறோம், அம்மையாரின் மாமியார் எம்மிடம் தனியே வந்து கேட்ட முதற் கேள்வி, “பேத்திகளுக்கு வருமா? நாளைக்குக் கலியாணம் பேச வருபவர்கள் கேட்பார்களே” என்பதுதான். இந்நோயுள்ள தாய்மார்க்குப் பிறக்கும் குழந்தைகளில் சிலர்க்குத் தாயின் எதிர்ப்பொருள் வந்து சேர்ந்து, பாலுறிஞ்சவும் அழவும் வலுவில்லாமல் இருக்கும். சில வாரங்களில் அது தானே மாறிவிடும். பிள்ளைப் பேற்றை மருத்துவமனையில் வைத்துக்கொண்டால் போதும். இளம்பெண்களுக்கே வரும் நோய் என்றும் எண்ண வேண்டா. அறுபதைக் கடந்த ஆண்களுக்கும் மிகுதியாக வருகிறது. முதுமைத் தளர்ச்சி என்று விட்டுவிடுவதால் அவர்கள் கணக்கில் வருவதில்லை. இந்தித் திரையுலகின் அமிதாப் பச்சனுக்கு 1980களின் நடுவில் இந்நோய் கண்டறியப்பட்டதும், அதன் பின்னர் அவர் பல்லாண்டுகள் நடித்ததும் நீங்கள் அறிந்ததே.

அம்மூதாட்டிக்கு நோயை விளக்க, யாம் மேலே சொன்ன ஆலைச் சங்குக் கதையைத்தான் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்படியானால் மாலைச் சமையலைக் காலையிலேயே முடித்துவிட்டால் ஆகாதா?” என்று கேட்டார். எந்த மருத்துவ நூலும் எமக்குச் சொல்லாத மருந்து அது. இன்று அவ்வீட்டில் கடின வேலைகளெல்லாம் உச்சிக்கு முன்பே முடிகின்றன. மாத்திரை உண்ட அரை மணி நேரம் கழித்து உணவு. உணவுக்கு முன் பேச்சுக் குறைவு. மாலையில் மாமியார் சாதம் வடிக்க, மருமகள் அமர்ந்தபடி காய் நறுக்குகிறார்.

சென்ற ஆவணி முதல் நம் ஞாயிறு தமிழ் வகுப்பு மாலை 5 மணியிலிருந்து காலை 9 மணிக்கு மாற்றப்பட்டதன் காரணத்தைச் செயலாளர் யாரிடமும் சொல்லவில்லை. அம்மையாரின் இசைவுக்காகக் காத்திருந்தார். மாலையில் கிரிக்கெட் ஆடப் பொழுது கிடைத்ததென்று பிள்ளைகள் மகிழ்கின்றனர். விடுமுறை நாளிலும் அவர்களை எழுப்ப வேண்டியிருக்கிறதே என்று பெற்றோர் சிலர் முறையிட்டனராம். அவர்களுக்கு விடை இதுதான். 10 மணிக்குக் கால் மணி நேரம் ஓய்வு விடுகிறார்கள். அந்த நேரத்தில் ஆசிரியை கண்ணை மூடி அமர்ந்திருப்பார். பிள்ளைகள் அப்போது ஓசை செய்வதில்லை என்று கேள்விப்படுகிறோம்.

திரைக்குப் பின்னால் சலங்கை ஒலி கேட்கிறது. சிறுமியர் நடனத்துக்குக் காத்திருக்கிறார்கள்.